ட்ரெபிளைத் திருப்பும் கை

“தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டுற மாதிரி இருக்கு அண்ணி, உங்க பேஸ்.”

போன வாரம் ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நாத்தனார் இப்படிச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. ரெக்கார்டிங்குக்குள் சத்தம் சரியாக வேண்டும், சரியாகாவிட்டால் வேறு ஆளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கிளம்பிப் போனாள். அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கீபோர்டு வாசிக்கிற வழுக்கைத் தலைப் பெரியவர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். பகலில் கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மாலையானால் தோளில் பேஸ் கிடார் ஏறிவிடும்.

அவள் கணவருக்குப் பகலெல்லாம் அச்சகம், மாலையில் டிரம்ஸ். உலகமே இரண்டாகப் பிளந்தாலும் இந்த மனிதருக்குத் தாளம் பிசகாது என்பதால் குழு அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தது. அவருடைய தங்கைதான் பாட்டுக்காரி. தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாமே அவள்தான். ஒரு பஸ் கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிறவள். வீட்டு மனிதர்களையும் அவள் வண்டிகளாகத்தான் பார்க்கிறாள் என்பது அண்ணியின் நீண்ட நாள் அபிப்பிராயம்.

நாளைக்கு ரெக்கார்டிங். எல்லாம் சொந்தப் பாட்டுகள். அதில் யார் வாசிக்கிறார்களோ அவர்கள்தான் இனிமேல் குழு, அவர்கள்தான் ஊர் ஊராகப் போகப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்து தான் நின்று வாசித்த இடத்தில் நாளை வேறு யாரோ நிற்கப் போகிறார்கள் என்ற நினைப்பே அண்ணிக்கு எரிச்சல்.

அதைவிடப் பெரிய எரிச்சல், அந்தத் தகர டப்பாச் சத்தம் அவளுடையதே இல்லை என்பது.

ஒத்திகைக்கு முன்னால், பேஸ் சத்தம் வெளியே வருகிற ஆம்ப்பில், சத்தத்தைக் கூர்மையாக்குகிற ட்ரெபிளைக் குறைத்து வைப்பாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதைத் திருகுகிற நாப் மேலே ஏறியிருக்கும். குறைப்பாள். பாட்டின் நடுவில் பார்த்தால் மறுபடியும் ஏறியிருக்கும். அவள் ஆசைப்பட்டுப் போட்டிருந்த வழுவழுப்பான கம்பிகளைக் கழற்றிவிட்டு, பளீரென்று அடிக்கிற சொரசொரப்புக் கம்பிகளை மாட்டியதும் அந்தக் கைதான். அது கடிகாரத்தின் கை. கேட்டால், “தெளிவு வேணும்மா” என்பார். போதாக்குறைக்கு, சமீப காலமாக வாசிக்கும்போது அவள் வலது கையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சை அறையில் வாத்தியார் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி அவளுக்கு இருக்கும்.

இதையெல்லாம் நாத்தனாரிடம் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். புருஷனை அவர் தங்கையிடமே போட்டுக் கொடுப்பதா என்று வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் கோபம் மட்டும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

இது போதாதென்று, பழைய பேஸின் கழுத்து வளைந்துவிட்டது. ரிப்பேர்க்காரர் அதை ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சு இனிமே துணி காயப்போடலாம்” என்றார். ஆக, ரெக்கார்டிங்குக்கு முதல் நாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் புது பேஸ் வாங்கக் கிளம்பினார்கள்.

கடை மாடியில் இருந்தது. ஏறிப் போனால் சுவர் முழுக்கக் கிடார்கள், தரையில் காலெடுத்து வைக்க முடியாதபடி வயர்கள். கடைக்காரர் காதில் ஸ்க்ரூட்ரைவரைச் செருகிக்கொண்டு, பார்த்த மாத்திரத்தில் விலை உயர்ந்ததை எடுத்து நீட்டினார்.

“இது வாங்கிட்டீங்கன்னா அப்புறம் வேற எதையும் தொட மாட்டீங்க. உள்ள பேட்டரி, அஞ்சாறு மாதிரி சத்தம் வரும்.”

அண்ணி வாரைத் தோளில் மாட்டி நேராக நின்று, இரண்டு கையையும் எடுத்தாள். பேஸின் கழுத்து மெல்லத் தரையைப் பார்க்கப் போனது.

“தலை கனம்” என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். “நின்னு வாசிக்கணும். பாதி நேரம் இதைத் தூக்கிப் பிடிக்கவே கை போயிடும்.”

அடுத்தது பார்வைக்கு நன்றாக இருந்தது. ஆனால் மேல் கட்டைகளில் கம்பி தகட்டில் உரசிக் கிறுகிறுத்தது. அதற்கடுத்தது அவள் விரலுக்குக் கழுத்து தடிமன். கடைக்காரர் முகத்தில் உற்சாகம் ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசியில், மூலையில் தொங்கிய பழுப்பு நிற பேஸ் ஒன்றை அவளே கைகாட்டினாள். சின்ன உடம்பு, குட்டைக் கழுத்து, வழுவழுப்பான கம்பி.

“அது பழைய மாடலும்மா. யாரும் கேக்கறதில்ல.”

“குடுங்களேன், பாப்போம்.”

உட்கார்ந்து மடியில் வைத்து, மேல் விளிம்பில் மோவாயைப் பதித்துக்கொண்டு தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினாள்.

“வயர் மாட்டலையாம்மா?”

“இருங்க. முதல்ல இது சொந்தமா என்ன சொல்லுதுன்னு பாக்குறேன். வயரை மாட்டிட்டா அப்புறம் ஆம்ப்தான் பேசும்.”

மரத்தின் அதிர்வு மோவாய் வழியாகப் பல்லுக்கு ஏறி, நிதானமாக அடங்கியது. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பிடித்துப் போனவர்கள் மறைக்கப் பார்ப்பார்களே, அந்தச் சிரிப்பு.

கடைக்காரர் வயரை ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துக் கொடுத்தார். அண்ணி ட்ரெபிளை நன்றாகக் குறைத்தாள். நாளை பதிவாகப் போகிற முதல் பாட்டின் ஆரம்பத்தை வாசித்தாள். நெஞ்சுக்குழியில் வந்து உட்காருகிற சத்தம். மென்மையாகத் தொடங்கி, வட்டமாக நின்று, சொல்லாமல் கொள்ளாமல் போகிற சத்தம். பல வருஷமாக அவள் மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்.

நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா இது, சத்தமே காணோமே.” சொல்லிக்கொண்டே வந்து ட்ரெபிளை மேலே ஏற்றினார்.

அவள் குறைத்தாள். அவர் ஏற்றினார்.

“ஏங்க, கையை எடுங்க. இது என் வாத்தியம்.”

“நான் இல்லன்னா சொன்னேன்? கொஞ்சம் வெளிச்சம் போடுன்னு சொல்றேன்.”

“வெளிச்சம் போட்டுப் போட்டுத்தான் தகர டப்பா ஆச்சு.”

“யார் சொன்னா?”

“உங்க தங்கச்சி.”

“அவளுக்கு பேஸைப் பத்தி என்ன தெரியும்?”

“எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்!” கடை என்பதை மறந்து அண்ணி குரலை உயர்த்திவிட்டாள். “எப்படி வாசிச்சா உங்களுக்குப் பிடிக்கும்னு நினைச்சு நினைச்சே என் கை எனக்கு மறந்துபோச்சு. நாளைக்கு என்னைக் கழட்டிவிடப் போறாங்க, தெரியுமில்ல? உங்க வெளிச்சத்தால!”

கடைக்காரர் திடீரென்று ரொம்ப முக்கியமாக ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

கடிகாரம் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் போய், அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சார், அது விக்கிற பெட்டி.”

“உக்காந்தா உடையற பெட்டியை எதுக்குய்யா விக்கிற?”

அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆத்திரத்துக்கு, மறுபடி ட்ரெபிளைக் கீழே தள்ளிவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து வாசித்தாள். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும்.

அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தாள்.

தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். தன்னை அறியாமல் தட்டுகிற தட்டு. முதுகு அவள் பக்கம், அவள் கை அவருக்குத் தெரியாது. ஆனாலும் அடி ஒவ்வொன்றும் அவள் சுரத்தின் மேலேயே வந்து விழுந்தது. கொஞ்ச காலமாக ஒத்திகையில் மயிரிழை பின்தங்குகிறாரே என்று நினைத்து, தன் விரல்தான் முந்துகிறது போல என்று தன்னையே திட்டிக்கொள்வாளே, அந்தப் பின்தங்கல் மருந்துக்கும் இல்லை.

சத்தமில்லாமல் எழுந்து, வயரைப் பிடுங்கி, எதிர்ச் சுவரோரம் இருந்த வேறொரு ஆம்ப்பில் செருகினாள். ட்ரெபிளை அதே மாதிரி குறைத்து, அதே பாட்டை, அதே வேகத்தில் வாசித்தாள்.

விரல்கள் நின்றன. தேடின. மறுபடி தொடங்கியபோது தாமதமாகத் தொடங்கின.

திரும்பப் பெட்டியோடு இணைத்தாள். விரல்கள் சரியாகிவிட்டன.

கண்ணாடிக் கடையில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் அவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எழுத்து தெரிகிறவர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள்தான் டக்கென்று சொல்வார்கள். தெரியவில்லை என்பது தெரிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் வருகிற வேகம் அது.

எதிர்ச் சுவர் ஆம்ப்பில் மறுபடி வயரைச் செருகினாள்.

“ஏங்க, இப்படித் திரும்புங்க. ரெண்டு தடவை வாசிக்கிறேன். எது தெளிவா இருக்குன்னு சொல்லுங்க.”

வாசித்தாள். எந்த நாப்பையும் தொடாமல், ஒரு மாற்றமும் இல்லாமல், அதையே திரும்ப வாசித்தாள்.

“ரெண்டாவது” என்றார் உடனே.

“எவ்வளவு வித்தியாசம்?”

“நல்ல வித்தியாசம்மா. ரெண்டாவது எங்கேயோ போயிடுச்சு.”

அண்ணிக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. பேஸை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “கொஞ்சம் வெளிய வாங்க” என்றாள்.

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல். கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் கீச்கீச் சத்தம் படியெல்லாம் நிறைந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

“எப்பலேருந்து?”

“என்னது?”

“காது.”

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் கம்பிப் பிடியில் சாய்ந்துகொண்டார்.

“கேக்காமல்லாம் இல்லம்மா. மூஞ்சியைப் பாத்தா நீ பேசறது கேக்குது. பேஸும் கேக்குது. எங்க ஆரம்பிக்குதுன்னுதான் தெரியல. மேல் வீட்டுல யாரோ கட்டிலை நகர்த்துற மாதிரி ஒரு உருமல். ட்ரெபிளை ஏத்தினா மட்டும் அந்த ‘டக்’குங்குற நுனி கொஞ்சம் தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டிட்டிருக்கேன்.”

“என் கையையே பாக்கறீங்களே…”

“அதுவும் அதுக்குத்தான். நீ எப்ப அடிக்கிறன்னு கண்ணால பாத்துக்கறேன்.”

“நான் தப்பா வாசிக்கிறேனான்னு பாக்கறீங்கன்னு நினைச்சேன்.”

“நீ எப்ப தப்பா வாசிச்ச?”

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் அவளை இப்படி ஒரு வார்த்தை பாராட்டியது கிடையாது. பாராட்டு என்று தெரியாமலே சொல்லிவிட்டு நிற்கிறார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைத் திருத்துகிறார் என்று அவள் பல்லைக் கடித்த ஒவ்வொரு தடவையும், தன்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“காட்டினேன். அச்சக இரைச்சல், இந்தப் பக்கம் டிரம்ஸுல சிம்பல் தட்டு, ரெண்டும் சேர்ந்து கெடுத்திருக்கு. போனது வராதுன்னுட்டாங்க. மெஷின் வெச்சுக்கோங்க, பேச்சுக்கு உதவும்னாங்க. மியூசிக்குக்கு எப்படின்னு கேட்டேன். வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்னாங்க.”

“என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணல?”

“கடிகாரம்னு பேர் வெச்சுட்டீங்களே. ஓடலன்னு எப்படிச் சொல்றது?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்ததாக அவர் நினைத்துக்கொண்ட குரல் கடைக்குள் வரை கேட்டிருக்கும். “தங்கச்சிக்கு இது தெரிய வேணாம். நாளைக்கு ஒரு நாள் முடியட்டும். நான் எப்படியாவது உன் கையைப் பாத்து ஒப்பேத்திடறேன். சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

அண்ணி தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் தான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்பது புரிந்தது. பளீரென்று அடிக்கிற பேஸை வாங்கினால் அவருக்குக் கேட்கும், நாத்தனார் அவளை அனுப்பிவிடுவாள். பழுப்பு நிறத்தை வாங்கினால் அவள் இடம் பிழைக்கும், அவர் கடிகாரம் நின்றுபோனது உலகத்துக்கே தெரிந்துவிடும். உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றால் இப்போதுதான் வாக்குக் கொடுத்தாயிற்று.

“பழுப்பை எடு” என்றார் அவர்.

“உங்களுக்குக் கேக்காதேங்க.”

“எனக்குக் கேக்கறதுக்கா வாங்கறோம்?”

அவள் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அந்தப் பெட்டி மேல உக்காந்திருந்தீங்களே, அப்ப மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?”

“என்ன வந்துச்சு?”

“தட்டிட்டிருந்தீங்க. ஒரு அடி பிசகல.”

“நான் தட்டினேனா?” கடிகாரத்துக்கே அது செய்தியாக இருந்தது. கொஞ்சம் யோசித்தவர், “கீழேருந்து ஒரு உதை வந்துச்சு. இடுப்புல, முதுகுத்தண்டுல. காது எதுக்குன்னு ஆயிடுச்சு” என்றார். சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

ஒத்திகை நடக்கிற இடம், பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற டயர் கிடங்கு. சுவரை மறைத்துக் கூரை வரைக்கும் டயர்கள். ரப்பர் வாசனைக்குப் பழகிவிட்டால் இவ்வளவு நல்ல அறை கிடைக்காது. வெளியே பஸ் உறுமினாலும் உள்ளே வராது, உள்ளே சிம்பல் அலறினாலும் வெளியே போகாது.

மாலையில் இருவரும் வாங்கிய பழுப்பு பேஸோடு முன்னதாகவே வந்து, அண்ணியின் ஸ்பீக்கர் பெட்டியை அதன் வழக்கமான இடத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய் டிரம்ஸுக்குப் பின்னால் வைத்தார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகு பெட்டியில் ஒட்டும்படி நெருக்கி வைத்தார்கள். அண்ணி தடித்த கம்பியைத் தொட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “வருது” என்றார். மறுபடி தொட்டாள். “வருது, வருது.” சின்னப் பிள்ளைகள் மாதிரி இதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தார்கள்.

நாத்தனார் கைப்பையும் போனும் தண்ணீர் பாட்டிலுமாக உள்ளே நுழைந்தாள். “கீபோர்டுக்குப் பல் வலியாம், நாளைக்கு நேரா வந்துடறாராம். நாம மூணு பேர்தான். இதென்ன அண்ணி, பெட்டி அங்க போய் உக்காந்திருக்கு?”

“இங்க நல்லா இருக்கு.”

“என்னமோ. சரி, முதல் பாட்டு.”

மைக் முன்னால், அண்ணனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். அவள் எப்போதும் நிற்பது அப்படித்தான். கடிகாரம் குச்சியைத் தட்டி எண்ணினார், பாட்டு கிளம்பியது.

அண்ணி அன்று வாசித்த மாதிரி அவளே என்றும் வாசித்ததில்லை. கீழே கனமாக, மேலே உறுத்தாமல், பாடுகிறவளுக்கு நிற்க ஒரு தரை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. பின்னாலிருந்து அவர் காலால் மிதிக்கிற டிரம் அடி ஒவ்வொன்றும் அவள் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது சரணத்தில் நாத்தனார் பாடிக்கொண்டே திரும்பி அண்ணியைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் மைக்கை விட்டுவிட்டு ஓடி வந்து, வாத்தியத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“இதுதான் அண்ணி! இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

அண்ணி அவள் தோளுக்கு மேலாகக் கணவரைப் பார்த்தாள். அவர் திரும்பி உட்கார்ந்து ஒரு ஸ்டாண்டின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தார். காது வரை சிரிப்பு. இன்றைக்குப் பிழைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“நாளைக்கும் இதே மாதிரி வரணும்” என்றாள் நாத்தனார். “ஸ்டுடியோல டிரம்ஸுக்குத் தனி ரூம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். உங்களுக்குப் பெட்டியெல்லாம் கிடையாது அண்ணி, வயரை நேரா அவங்க மெஷின்ல சொருகிடுவாங்க. எல்லாருக்கும் ஹெட்போன்.”

அண்ணியின் கை கம்பியின் மேல் அப்படியே நின்றது.

“எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து வாசிக்கக் கூடாதா?”

“ஒண்ணோட சத்தம் இன்னொண்ணுக்குள்ள போயிடும். ஏன்?”

“சும்மாத்தான். அவர் மூஞ்சி தெரிஞ்சா எனக்குச் சௌகரியம்.”

“இத்தனை வருஷம் பாத்தது பத்தலையாக்கும்!” என்று சிரித்தாள் நாத்தனார். சிரிப்பு பாதியில் நின்றது. டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன்மேல் முதுகைச் சாய்த்திருந்த அண்ணனைப் பார்த்தாள். பிறகு தேவையே இல்லாமல் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணனுக்குக் காது கேக்கல. அதானே அண்ணி?”

அண்ணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“நீங்க சொல்ல வேணாம். எனக்கே தெரியும். பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பறதில்ல. பாட்டு நடுவுல நான் வரியை மாத்திக் கிண்டலாப் பாடினா முன்னெல்லாம் குச்சியைப் போட்டுட்டுச் சிரிப்பான். இப்பல்லாம் பேசாம வாசிச்சிட்டே இருக்கான்.” நாத்தனாரின் கண் கலங்கியது. “வேற ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்னேன்ல? அது பேஸுக்கு இல்ல அண்ணி. டிரம்ஸுக்கு.”

“அப்ப என்னைத் தகர டப்பான்னது?”

“உங்களைக் குறை சொன்னா, ரோஷத்துல ‘நான் இல்ல, உங்க அண்ணன்தான் திருப்பறாரு’ன்னு கொட்டிடுவீங்கன்னு பாத்தேன். அதை வெச்சுப் பேச்சை ஆரம்பிச்சுடலாம்னு. நீங்க வாயே திறக்கல. அவன்கிட்ட நேரா கேக்க எனக்குத் தைரியம் இல்ல. நான் முதல் முதலா மேடை ஏறினப்ப எனக்குப் பின்னால உக்காந்தவன் அண்ணி அவன்.”

“நாளைக்கு?”

“நாளைக்குக் காலைல புது ஆள் ஸ்டுடியோவுக்கு வந்துடுவார். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களே அண்ணன்கிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் தாங்குவான்.”

உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தன் இடம் போகவில்லை. இந்தச் சத்தத்தோடு நாளை ரெக்கார்டிங்கில் நிற்கப் போகிறோம். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அந்த நிம்மதி இருந்தது. பிறகு அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“அப்ப பேஸுக்கும் ஒரு ஆளைப் பாத்துடு” என்றாள்.

“அண்ணி, விளையாடாதீங்க. இப்பதான் உங்க சத்தமே வந்திருக்கு.”

“அவர் காலைப் பாத்துத்தான் நான் வாசிக்கிறேன். என் கையைப் பாத்து அவர் வாசிக்கிறார். அவரை நாளைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சாலும் வாசிக்க முடியாது, சரி. வீட்டுல உக்காத்தி வெச்சுட்டு என்னை மட்டும் வாசின்னா எனக்கும் முடியாது.”

“ஒரு நாள்ல நான் எங்க போய் பேஸுக்கு ஆள் தேடறது?”

“எனக்குத் தெரியல. ஒரே ரூம் கேட்டுப் பாரு. இல்லன்னா தேதியைத் தள்ளு. ரெண்டும் முடியாதுன்னா ஆளைப் பாரு.”

“உங்களுக்கு இது எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும் அண்ணி…”

“தெரியுமில்ல? அப்புறம் என்ன.”

“என்ன ரெண்டு பேருக்கும் ரகசியம்?” பின்னாலிருந்து கடிகாரம் வேண்டியதைவிடச் சத்தமாகக் கேட்டார். “மறுபடி ஒரு தடவை போகலாமா? நேரம் ஆவுதில்ல?”

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றாள். குச்சிகள் எண்ணின. அண்ணி வாசித்தாள். ஆரம்ப இசை ஒரு சுற்று வந்து முடிந்தது, குரல் சேர வேண்டிய இடம் வந்தது.

குரல் வரவில்லை. நாத்தனார் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

கடிகாரம் நிறுத்தவில்லை. தங்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பல்லவிக்கு உரிய அடிக்கு மாறினார். அவள் பாடுகிற போதெல்லாம் செய்வதுபோல, வரிகளுக்கு இடம் விட்டு, சிம்பலைத் தணித்து, தலையை மெல்ல ஆட்டி ரசித்துக்கொண்டே வாசித்தார். அண்ணியும் கூடவே போனாள். சரணம் வந்தது. யாரும் பாடாத அந்தப் பாட்டுக்கு அவர் ஓர் அடிகூடப் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.